1986 டாடா 1210 எஸ்இ: தரையில் சொட்டு இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது, ஏற்றத்தில் சூடு

பென்ஸ்லாரி86

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவின் ஷெட்டில் ரொம்ப காலம் நின்றிருந்த 1210 எஸ்இ லாரியை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டர்போ இல்லாத பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின். சமதரையில் குறை சொல்ல எதுவும் இல்லை, வெப்ப முள் பாதிக்குக் கீழேயே நிற்கும். சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏறும்போதுதான் தொல்லை. பாதி லோடிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஓரம் கட்டி ஆறவிட்டுத் திறந்தால் ரேடியேட்டரில் 3, 4 லிட்டர் தண்ணீர் காணோம். ஆனால் வீட்டில் நிற்கும்போது கீழே ஒரு சொட்டுகூட இல்லை, இரவு முழுக்க அட்டை விரித்து வைத்துப் பார்த்தாயிற்று.

ரேடியேட்டருக்கு ராட் போட்டாயிற்று (குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுத்தாயிற்று), வாட்டர் பம்ப் புதிது, மேல் கீழ் ஹோஸ் இரண்டும் புதிது, ஃபேன் பெல்ட் புதிது. தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினால் மட்டும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) மெக்கானிக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார், இந்த ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் என்று. இப்போது ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறது, அதனால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். ஹெட்டை இறக்கினால் ஃபேஸிங், வால்வு, அது இது என்று எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இறக்குவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?

நைட்டிரைவர்

குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்தான் நண்பா. யோசிக்காமல் இறக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஹெட்டே விரிசல் விடும். எங்கள் ஓனர் வண்டிக்கு அப்படித்தான் ஆனது. வழியில் சமாளிக்க மஞ்சள் தூள் ஒரு கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள், ஊர் வந்து சேரும்வரை தாங்கும்.

ஓய்வுஃபோர்மன்

மஞ்சள் தூளை முதலில் தூர வை தம்பி. ரேடியேட்டர் குழாயில் ஊசி ஓட்டை இருந்தால் அது போய் அடைக்கும், உண்மைதான், நானும் போட்டிருக்கிறேன், நடுக்காட்டில் வேறு வழி இல்லாதபோது. ஆனால் இங்கே எங்கே ஓட்டை என்றே தெரியாது. இப்போதுதான் ராட் போட்ட ரேடியேட்டரில் மாவைக் கரைத்து ஊற்றுவதா?

பென்ஸ்லாரி தம்பி, தண்ணீர் குறைகிறது என்றால் அது போவதற்கு நான்கு இடம்தான் உண்டு. வெளியே ஒழுகும், சிலிண்டருக்குள் போய்ப் புகையாக வெளியேறும், ஆயிலில் கலக்கும், இல்லை என்றால் ரேடியேட்டர் மூடி வழியாக ஓவர்ஃப்ளோ குழாயில் ரோட்டிலேயே கொட்டிவிடும். கடைசி வகைக்கு ஷெட்டில் அட்டை விரித்துப் பயனில்லை, ஏனென்றால் அது ஓடும்போது மட்டும்தான் கொட்டும். ஆகவே முதல் வேலை, ஓவர்ஃப்ளோ குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிவிட்டு (வாயை இறுக்கி அடைக்காதே, காற்று போக வழி விடு) தொப்பூர் ஏறு. கேனில் எவ்வளவு சேருகிறது, ரேடியேட்டரில் எவ்வளவு குறைகிறது, இரண்டையும் அளந்து சொல். செலவு இல்லாத வேலை.

அப்புறம் இன்னும் சில கேள்வி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வந்து சூடானபிறகும் நிற்காமல் வருகிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி மாதிரி இருக்கிறதா? ஒரு ராத்திரி நிற்கவிட்டு சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார், தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். ரேடியேட்டர் மூடியில் என்ன எண் குத்தியிருக்கிறது? ஃபேனைச் சுற்றித் தகர ஷ்ரவுட் இருக்கிறதா, இல்லை யாராவது கழற்றிப் போட்டுவிட்டார்களா?

சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகம் இருந்தால் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார். பிஸ்டன் மேல் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, செல்ஃப் அடித்த வேகத்தில் கனெக்டிங் ராட் வளையும்.

கோவைலேத்

ஃபோர்மன் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முள் காட்டுவது உண்மையா என்று முதலில் பாருங்கள். சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும் வகைதான் பெரும்பாலும். சென்சார் ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டால் முள் கடைசி வரைக்கும் ஓடும். அதாவது ஒயர் எங்கேயாவது உரசி எர்த் ஆனாலே சிவப்பு காட்டும், எஞ்சின் ஜில்லென்று இருந்தாலும். எர்த் சரியில்லை என்றால் நேர் எதிர், குறைவாகக் காட்டும். அது இன்னும் ஆபத்து.

இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இப்போது விலை மலிவுதான். பளபளக்கும் பித்தளையில் அடித்தால் தவறாகக் காட்டும், கறுப்பு பெயின்ட் இருக்கும் இடத்தில் அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அடியுங்கள். ரேடியேட்டர் மேல் டேங்க் ஒரு அளவு, கீழ் டேங்க் ஒரு அளவு. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் மிக அதிகம் என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. வித்தியாசம் மிகக் குறைவு, இரண்டுமே கொதிக்கிறது என்றால் காற்று போதவில்லை, அல்லது ஃபின்கள் (குழாய்களை ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகள்) குழாயிலிருந்து விட்டுப்போயிருக்கும். கண்ணுக்கு ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் குழாயின் சூடு ஃபின்னுக்குப் போகாது. எத்தனை முறை ராட் போட்டாலும் அது தீராது, குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியை, அதாவது கோரைத்தான் மாற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. கழற்றியதே ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டிலிருந்து வாட்டர் பம்புக்கு நேராக ஒரு சின்ன ஹோஸ் போகிறதா பாருங்கள், அதுதான் பைபாஸ்.

நைட்டிரைவர்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு ஏறுமா? கேட்கவே விநோதமாக இருக்கிறது சார். நம் பக்கத்தில் பாதி லாரியில் அது கிடையாது. வழியில் அடைப்பாக இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடத்தானே செய்யும்?

கோவைலேத்

தாராளமாகத்தான் ஓடும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. பைபாஸ் உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வால்வு. குளிரில் ரேடியேட்டர் வழியை மூடி, பைபாஸ் வழியைத் திறந்து வைத்திருக்கும். சூடு 80 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் மேல் வால்வு திறக்கும், அதே நேரம் கீழ்த் தட்டு இறங்கி பைபாஸை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸை மூட ஆள் இல்லை. ஹெட்டிலிருந்து வரும் கொதிதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். பைபாஸ் இல்லாத எஞ்சின்களில் நீங்கள் சொல்வதுபோல் ஓடிவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் எல்லா வண்டிக்கும் பரவிவிட்டது. குளிராகவே ஓடும் டீசல் எஞ்சின் லைனரை (சிலிண்டரின் உள்சுவர்) தேய்த்துவிடும் என்பது தனிக் கதை.

பழையதை எறியாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். எந்த டிகிரியில் திறக்கிறது, முழுசாகத் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். உடம்பிலேயே திறக்கும் டிகிரி குத்தியிருப்பார்கள்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் டாட்டா 1210 லொறிகள் நிறைய ஓடின, இப்பவும் சிலது ஓடுது. அதுக்கு முதல் பெட்ஃபோர்ட். இங்கே றேடியேற்றர் பிரச்சினையில் பாதி தண்ணியால் வருவது. எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணியைக் கேத்திலில் கொதிக்க வைத்தாலே அடியில் வெள்ளை படியும். அதே தண்ணியை வருடக்கணக்காக எஞ்சினுக்குள் ஊத்தினால் என்ன நடக்கும்? றேடியேற்றருக்கு ராட் போட்டு எடுக்கலாம், புளொக்குக்குள் படிந்ததை ராட் போட்டு எடுக்க ஏலாது. பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் கூடப் படியும், அங்கே ஓட்டம் குறைவு.

உங்கட வண்டிக்கு என்ன தண்ணி ஊத்துறீர்கள் தம்பி? போர்த் தண்ணியா? சிற்றிக் அசிட் கரைத்து ஓடவிட்டுக் கழுவினால் சுண்ணாம்பு கரையும், பிறகு நல்லாக அலசவேணும். கோஸ்ரிக் சோடா போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். கழுவினபிறகு மழைத்தண்ணி அல்லது பற்றரிக்கு ஊத்துகிற தண்ணியில் கூலன்ற் கலந்து ஊத்துங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும், பழைய சுண்ணாம்புதான் சில ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கும். கழுவினபிறகு ஒழுக்கு கூடினால் பயப்பிடாதீர்கள், அது முந்தியே இருந்த ஓட்டை.

பென்ஸ்லாரி86

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

கேன் கட்டித் தொப்பூர் ஏறினேன். ரேடியேட்டரில் குறைந்ததில் முக்கால்வாசி கேனில் இருந்தது. மிச்சம் கால்வாசி எங்கே என்று தெரியவில்லை. ஆயில் சுத்தம், சம்ப்பிலிருந்து தண்ணீர் வரவில்லை. வெள்ளைப் புகை இல்லை. மூடியில் 0.9 என்று இருக்கிறது. ஷ்ரவுட் இல்லை, போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. பைபாஸ் ஹோஸ் இருக்கிறது, கோவைலேத் சார் சொன்ன அதே இடத்தில். தண்ணீர், வடமராட்சி அண்ணா, போர்த் தண்ணீர்தான், எங்கள் ஊரில் வேறு என்ன கிடைக்கும்.

குமிழியைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதே, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் வர ஆரம்பிக்கிறது. பொடிப் பொடியாக, தொடர்ச்சியாக. மூடி போட்டு வைத்தால் மேல் ஹோஸ் சூடாவதற்கு முன்னாலேயே கல் மாதிரி இறுகிவிடுகிறது. அப்புறம் ஒரு விசித்திரம், சில நேரம் தானாகவே நின்றுவிடுகிறது, அப்புறம் மறுபடியும் வருகிறது.

நைட்டிரைவர்

ஜில்லென்ற எஞ்சினில் ஹோஸ் இறுகினால் கம்ப்ரஷன் தண்ணீருக்குள் போகிறது என்றுதான் அர்த்தம். நான் முதலிலேயே சொன்னேன், ஹெட் கேஸ்கெட்.

ஓய்வுஃபோர்மன்

தானாக நின்று மறுபடி வருகிறது என்று சொன்னாயே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெட் கேஸ்கெட் ஓட்டை அப்படி லீவு எடுக்காது. எஞ்சின் ஓடும்வரை குமிழி வந்துகொண்டேதான் இருக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும்.

உன் வண்டியில் ஏர் கம்ப்ரசர் எந்த வகை? சில கம்ப்ரசர் காற்றிலேயே ஆறும், தலையில் ஃபின் மட்டும் இருக்கும். சிலதுக்கு எஞ்சின் தண்ணீர் தலைக்குள் போய் வரும், இரண்டு ஹோஸ் இருக்கும். இரண்டாவது வகை என்றால் அந்தத் தலையிலும் ஒரு கேஸ்கெட் உண்டு தம்பி. அது போனால் பிரேக்குக்குப் போக வேண்டிய காற்று தண்ணீருக்குள் போகும். ரேடியேட்டரில் பார்த்தால் ஹெட் கேஸ்கெட் போனதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு, மறுபடி மூட்டி, மறுபடி குமிழி வந்து, ஹெட் விரிசல் என்று வேறு ஹெட் வாங்கிய வண்டிகளை என் சர்வீசில் பார்த்திருக்கிறேன்.

சோதனை சுலபம். மூடியைத் திறந்து வைத்து (ஆறிய எஞ்சினில் மட்டும்) ஸ்டார்ட் செய். ஒருவர் ஏர் கேஜைப் பார்க்கட்டும், ஒருவர் ரேடியேட்டர் வாயைப் பார்க்கட்டும். காற்று முழுசாக ஏறி அன்லோடர் வால்வு "புஸ்" என்று விட்டதும் குமிழி நிற்கிறதா? அப்புறம் பிரேக்கை நன்றாக மிதித்து மிதித்துக் காற்றை இறக்கு, கம்ப்ரசர் மறுபடி ஏற்ற ஆரம்பித்ததும் குமிழி திரும்புகிறதா? ஹெட் கேஸ்கெட்டுக்கு உன் பிரேக் பெடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. குமிழி பெடலுக்கு ஆடினால் குற்றவாளி கம்ப்ரசர்தான்.

உறுதி செய்ய வேண்டும் என்றால், கம்ப்ரசர் தனி பெல்டில் ஓடும் வகை என்றால் பெல்டைக் கழற்றிவிட்டுப் பார். கியரில் ஓடுவது என்றால் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கம்ப்ரசரிலிருந்து கழற்று, எஞ்சின் பக்கம் இரண்டு முனையையும் ஒரு குழாய்த் துண்டால் இணைத்துவிடு. கம்ப்ரசர் தலையில் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தில் ஒரு ஹோஸ் மாட்டி அதன் முனையை வாளித் தண்ணீரில் விடு. கொஞ்ச நேரம் ஐடிலில் மட்டும் ஓட்டு, தண்ணீர் இல்லாமல் அதை ரொம்ப ஓட்டக் கூடாது. வாளியில் குமிழி வந்தால் வழக்கு முடிந்தது.

ஏர் டேங்க் வடிகாலையும் திறந்து பார். காற்றில் இருக்கும் ஈரத்தால் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் வரும். கூலன்ட் நிறமோ துரு நிறமோ ஏராளமாக வந்தால், வண்டி நின்றபிறகு தண்ணீர் கம்ப்ரசர் வழியாக அந்தப் பக்கமும் போகிறது. பிரேக் வால்வுகளுக்கு அது நல்லதல்ல, அதற்காகவாவது உடனே பார்.

கோவைலேத்

இது எனக்குத் தோன்றவே இல்லை, பிரமாதம் சார். சூட்டுக்கும் பொருந்துகிறது. காற்று போய் மேல் டேங்கில் சேரும், அழுத்தம் கூடி மூடியைத் தூக்கித் தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் மட்டம் இறங்கும், பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். ஏற்றத்தில் அதுவே போதும்.

மூடியையும் ஒரு கை பார்க்க வேண்டும். 0.9 என்பது 0.9 பார், கார்களுக்கு வரும் அளவு. உங்கள் ரேடியேட்டருக்கு அது கூடுதலா சரியா என்று பழைய மூடி இருந்தால் அதிலேயே குத்தியிருக்கும். எண்ணைவிட முக்கியம் கழுத்தின் ஆழம். கழுத்துக்குள் கீழே ஒரு படி இருக்கும், மூடியின் ரப்பர் அதில் போய் உட்கார வேண்டும். மூடி குட்டையாக இருந்தால் உட்காராது, என்ன எண் குத்தியிருந்தாலும் அழுத்தம் பூஜ்யம்தான். ஏறத்தாழ 0.5 பார் அழுத்தம் நின்றாலே தண்ணீர் 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், நிற்காவிட்டால் 100-இலேயே கொதிக்கும். மலையில் இன்னும் கீழே. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியைத் தாண்டுவதற்குள் கொதித்துவிடும்.

கூலன்ட் பற்றியும் ஒன்று, கடைக்காரர்கள் சொல்வதுபோல அது சூட்டைக் குறைக்காது. சூட்டை ஏந்திச் செல்வதில் வெறும் தண்ணீர்தான் அதைவிடத் திறமை. கூலன்ட் ஊற்றுவது துருவுக்காக, சுண்ணாம்புக்காக, கொதிநிலை கொஞ்சம் உயர்வதற்காக.

பென்ஸ்லாரி86

ஃபோர்மன் ஐயா, பெடலுக்கு ஆடுகிறது! அன்லோடர் விட்டதும் குமிழி நின்றது. பிரேக்கை மிதித்துக் காற்றை இறக்கியதும் ஐந்தாறு நொடியில் மறுபடி வந்தது. மெக்கானிக்கும் பக்கத்தில்தான் இருந்தார், மறுபடி மறுபடி மிதிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்ப்ரசருக்குத் தண்ணீர் ஹோஸ் இரண்டும் இருக்கின்றன, கியரில் ஓடுவது. வாளியிலும் குமிழி வந்தது. ஏர் டேங்கில் துருத் தண்ணீர் நிறைய.

கம்ப்ரசர் தலையைக் கழற்றினால் கேஸ்கெட் தண்ணீர் வழிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அரித்துப் போயிருக்கிறது. தலை முகத்திலும் லேசான பள்ளம், லேத்தில் கொடுத்திருக்கிறோம். மூடியும் குட்டை, கழுத்துப் படியில் உட்காரவே இல்லை. விரலில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவி ரப்பரில் பூசி மூடிப் பார்த்தேன், கீழே ஒரு தடமும் விழவில்லை.

ஓய்வுஃபோர்மன்

சபாஷ். இன்னும் முடியவில்லை, அந்தக் கால்வாசித் தண்ணீர் கணக்கில் வரவில்லை. கம்ப்ரசர் வழியாகக் கொஞ்சம் போயிருக்கும், ஆனாலும் கணக்கைத் தீர்த்துவிட்டு மூட்டு. பிரஷர் டெஸ்ட் செய். டெஸ்டர் இல்லை என்றால் பழைய மூடி ஒன்றில் ஓட்டை போட்டு டியூப் வால்வு ஒன்றை இறுக்கி, சைக்கிள் பம்பால் காற்று அடி, கேஜ் ஒன்று வைத்துக்கொள். மூடியில் குத்தியிருக்கும் அளவுக்கு மேல் போகாதே. லாரியில் காற்று இருக்கிறதே என்று ஏர் லைனை நேரே மாட்டிவிடாதே, அது 7 பார் வரும், ரேடியேட்டர் டேங்க் வாயைப் பிளந்துகொள்ளும்.

அழுத்தத்தை ஏற்றி விட்டுவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு பார். வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளை, ஹீட்டர் லைன் அடைத்திருந்தால் அந்த மூடி, ஹோஸ் கிளாம்ப், பிளாக்கில் தட்டி ஏற்றியிருக்கும் கோர் ப்ளக் (துளையை மூடும் வட்டத் தகடு) எல்லாம். வெறும் தண்ணீர் ஓட்டிய வண்டியில் துருக் கோடு காட்டிக் கொடுக்கும். சூட்டில் கசிந்தால் அங்கேயே ஆவியாகிவிடும், அதனால்தான் தரையில் சொட்டு விழாது.

வடமராட்சி

கோர் பிளக் எண்டால் ஸ்ராற்றருக்குப் பின்னால் இருக்கிறதைக் கட்டாயம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் எப்பவும் முதலில் போகும். கண்ணாடி பிடித்துப் பார்க்கவேணும்.

பென்ஸ்லாரி86

அண்ணா வாயில் சர்க்கரை போட வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் உள்ள கோர் ப்ளக்தான். அழுத்தம் ஏற்றியதும் வியர்த்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூ டிரைவர் குத்தினாலே உள்ளே போகும் அளவுக்குத் தகடு மெலிந்திருக்கிறது.

கம்ப்ரசர் தலை, புது மூடி, கோர் ப்ளக், தெர்மோஸ்டாட் (அடுப்பில் சோதித்தேன், 79-இல் தொடங்கி நன்றாகத் திறக்கிறது) எல்லாம் போட்டு, சிற்றிக் அசிட் அலசலும் முடித்து, அதே லோடோடு தொப்பூர் ஏறினேன். தண்ணீர் குறையவில்லை, கேன் காலி. முள் சிவப்புக்குப் போகவில்லை. ஆனால் மேல் பாதியில் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. துப்பாக்கியில் மேல் டேங்க் 96, கீழ் டேங்க் 91.

கோவைலேத்

வித்தியாசம் 5 டிகிரிதான், ஓட்டம் நன்றாக இருக்கிறது. இனி காற்றுப் பக்கம். ஷ்ரவுட் இல்லாமல் ஏற்றத்தில் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும், கோரின் மூலைகளுக்கு இழுவை போகாது. தகரத்தில் செய்துவிடலாம், ஃபேன் இறக்கையில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி. நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், எஞ்சின் தன் மவுண்டில் ஆடும், ரேடியேட்டரோடு இருக்கும் ஷ்ரவுட் ஆடாது. ஃபின்களைக் கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் அடியுங்கள், முன்னாலிருந்து அடித்தால் தூசி உள்ளேதான் போகும்.

ஓய்வுஃபோர்மன்

ஷ்ரவுட் செய்வதற்கு முன் ஏறி முடித்ததும் இறங்கி நான்கு பிரேக் டிரம்மிலும் துப்பாக்கியை அடி. ஒன்று மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது. டீசல் பம்பை யாராவது ஏற்றி விட்டிருக்கிறார்களா என்றும் பார், ஏற்றத்தில் கறுப்புப் புகை கொட்டினால் கூடுதலாகப் போகும் டீசல் எஞ்சினுக்குச் சூட்டைத்தான் கூட்டும். மற்ற கோர் ப்ளக்குகளையும் சேர்த்து மாற்றிவிடு, ஒன்று மெலிந்தால் எல்லாம் ஒரே வயசுதான். பித்தளையில் கிடைத்தால் பித்தளையே போடு.

நைட்டிரைவர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், பெடல் சோதனை புதுசு எனக்கு. ஃபோர்மன் ஐயா, என் பழைய 407-இல் ஆயில் சுத்தம், குமிழி இல்லை, மூடி சரி, ஆனால் கேபினுக்குள் இனிப்பு வாசனை அடிக்கிறது, கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பு. ரேடியேட்டரிலும் மெல்லக் குறைகிறது. இது எங்கே?

ஓய்வுஃபோர்மன்

ஹீட்டர் இருக்கிற வண்டியா? டேஷ்போர்டு அடியில் காலை வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கித் தடவிப் பார். பிசுபிசு என்று இருந்தால் ஹீட்டர் கோர். நம் ஊரில் ஹீட்டர் தேவை இல்லை என்றால் எஞ்சின் பக்கம் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஓட்டு, மெதுவாகக் கோர் தேடிக்கொள்ளலாம்.